சமூக அறிவியல் ஆய்வு மாணவர்க்கு வேண்டும் பயிற்சி யாது?

பயிற்சித்தேவை மதிப்பீடு என்னும் தொடர் இன்று பல்கலைக்கழகங்களில் பெருவழக்காகிவிட்டது. முதுகலை முடித்து ஆய்வுப் பட்டத்திற்குப் பதிவு செய்யும் மாணவரிடம் ஒரு படிவத்தை நீட்டி, எவ்வெத் துறையில் பயிற்சி வேண்டும் என்று கேட்பதும், அவர் இட்ட குறிகளைக் கூட்டி விழுக்காடு கண்டு அறிக்கையாக்குவதும், அவ்வறிக்கையின்படி ஒரு வாரம் பயிலரங்கு நடத்துவதும் அம்மதிப்பீட்டின் முறையாக உள்ளன. பொருளியல், சமூகவியல், அரசியல், மானிடவியல் முதலிய துறைகளைப் பற்றிய இச்செய்தியில் தமிழ்த்துறையினராகிய எமக்குத் தொடர்பு என்னை என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. அத்துறை மாணவர் தம் வினாப்பட்டியலை ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்டு, அதனைத் தமிழ்ப்படுத்தித் தருமாறும், தமிழ்ப்படுத்தியது பொருத்தமுடையது என்று கையொப்பமிடுமாறும் எம்மை நாடி வருகின்றனர். பல ஆண்டுகளாக இப்பணியைச் செய்து வருகின்றோம். அவ்வினாப்பட்டியல்களையும், அவற்றின் பயனாக எழுந்த ஆய்வேடுகளுள் எம் கைக்கு எட்டியவற்றையும் படித்த அளவில் தோன்றியவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். மாணவர்க்கு இன்னது தேவை என்பதனைப் படிவத்தால் அறிதல் அரிது. அவர் எழுதியதனைப் படித்தே அறிதல் வேண்டும் என்பது எம் கருத்து.

முதலிற் படிவத்தின் இயல்பை நோக்குவோம். இத்துறையில் முன்னோடியாகக் காட்டப்பெறுவது இங்கிலாந்து. அங்கு 2002-ஆம் ஆண்டு வெளிவந்த இராபர்ட்சு அறிக்கை, ஆய்வு மாணவர்க்கு ஆண்டுதோறும் இரண்டு வாரமேனும் பொதுத்திறன் பயிற்சி அளித்தல் வேண்டும் என்றது. அறிவியல், பொறியியல் மாணவரை நோக்கி எழுந்த அவ்வறிக்கையின் கருத்துகள் பின்னர் ஏனைத் துறைகளுக்கும் பரவின. 2010-இல் வீட்டே என்னும் அமைப்பு ஆய்வாளர் வளர்ச்சிச் சட்டகம் ஒன்றை வகுத்தது. அதில் 4 களங்களும் 12 உட்பிரிவுகளும் 63 கூறுகளும் உள்ளன. அறுபத்து மூவர் தொகையை நினைவூட்டும் இவ்வெண் எமக்கு முதலிற் சிறு நகையை விளைத்தது என்பதனை மறைக்கவில்லை. ஆயினும் அச்சட்டகத்தைப் படித்துப் பார்ப்பார்க்கு அது வெற்றுப் பட்டியல் அன்று என்பது விளங்கும். அறிவு, தன்னொழுங்கு, ஆய்வை நடத்தும் முறை, பிறரோடு பழகிப் பயன்விளைத்தல் என்று நான்காகப் பகுத்தது நன்றே. குறை பகுப்பில் இல்லை. பயன்படுத்தும் முறையில் உள்ளது. மாணவன் தன்னைத் தானே ஒவ்வொரு கூற்றிலும் மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். புள்ளியியல் அறியாதவன் தனக்குப் புள்ளியியல் தெரியாது என்பதனை அறிவான். ஏனெனின் அது பெயருடைய ஒரு பாடம். வினவத் தெரியாதவன் தனக்கு வினவத் தெரியாது என்பதனை எங்ஙனம் அறிவான்? பிறந்தது முதல் பேசிவரும் மொழியில் ஒரு வினாவைக் கேட்பதற்குப் பயிற்சி வேண்டுமென்று அவனுக்குத் தோன்றுவதே இல்லை. ஆதலின் படிவங்களில் எல்லாம் எஸ்.பி.எஸ்.எஸ். பயிற்சி, ஆங்கிலக் கட்டுரை எழுதும் பயிற்சி, ஆய்விதழில் வெளியிடும் பயிற்சி என்பனவே தலைமை பெறுகின்றன. பெயருடைய தேவைகள் முன்னிற்கின்றன. பெயரில்லாத தேவைகள் மறைந்துபோகின்றன.

இக்குறையை ஆங்கிலேயரும் ஒருவாறு உணர்ந்தனர் போலும். அந்நாட்டுப் பொருளியல், சமூக ஆய்வு மன்றத்தின் பொருட்டு 2021-இல் வெளியான மறுஆய்வு, ஒவ்வொரு மாணவர்க்கும் தொடக்கத்திலேயே வளர்ச்சித்தேவைப் பகுப்பாய்வு செய்தலையும், அதனை இடையிடையே மீண்டும் நோக்குதலையும் பரிந்துரைத்தது. ஒருமுறை நிரப்பிக் கோப்பில் இடும் படிவத்தினும் இது மேம்பட்டது. மாணவனும் வழிகாட்டியும் எதிரெதிர் அமர்ந்து பேசும்போது, மாணவன் காணாத குறையை வழிகாட்டி காண இடமுண்டு. ஆனால் வழிகாட்டியும் அக்குறையை உடையவராயின் என் செய்வது? இதற்கு அம்மறுஆய்வு விடை கூறியதாக எமக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே தேவையை மதிப்பிட்டுப் பயிற்சி வகுப்பதில்லை. பயிற்சியை விதியால் வகுத்துவிட்டுத் தேவை நிறைவுற்றதாகக் கொள்கின்றோம். பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளால் முனைவர் பட்ட மாணவர்க்குப் பாடநெறியைக் கட்டாயமாக்கியது. 2016-இல் அதற்கு 8 முதல் 16 வரை தகுதிப்புள்ளிகள் என்று எல்லை கட்டிற்று. 2022-ஆம் ஆண்டு விதிமுறைகள் குறைந்தது 12 புள்ளிகள் என்றன. ஆய்வு, வெளியீட்டு நெறி பற்றிய பாடமும் அதனுள் அடங்கும். அதே விதிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தையும் நிறுத்தின. அப்பட்டத்தைப் பற்றிப் பலர் இழிவாகப் பேசுவர். யாம் அக்கருத்தினேம் அல்லேம். ஓராண்டில் ஒரு சிறு பொருளை எடுத்து, அதில் தவறி, தவறியதைத் தேர்வாளர் சுட்ட, அடுத்த பெரிய ஆய்வில் அத்தவற்றைத் தவிர்க்கும் வாய்ப்பை அது தந்தது. பிழை செய்வதற்கு ஓர் இடம் இருந்தது. இன்று மாணவன் தன் முதற் பிழையை முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே செய்கின்றான். செய்தபின் திருத்தக் காலம் இல்லை.

இனி ஆய்வேடுகளுக்கு வருவோம். 2009 விதிமுறைகள் ஆய்வேடுகளின் மின்படியைக் கேட்டதனால், அவை சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் எவரும் படிக்கும்படி கிடைக்கின்றன. தேவையை அறிய விரும்புவார்க்கு இதனினும் நல்ல சான்று வேறில்லை. ஓர் உரையாசிரியர் பாடவேறுபாட்டைக் கண்டு ஏடெழுதியவரின் பழக்கத்தை உணர்வது போல, ஆய்வேட்டின் பின்னிணைப்பிலுள்ள வினாப்பட்டியலையும் உள்ளே உள்ள அட்டவணையையும் ஒப்புநோக்கி, இடையில் நிகழ்ந்தது யாது என்று உணரலாம்.

எடுத்துக்காட்டுச் சில கூறுவோம். 'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' என்பது பெரும்பாலும் எல்லா வினாப்பட்டியலிலும் உண்டு. ஊர்ப்புறத்தில் நாற்று நடும் பெண்ணிடம் இவ்வினாவைக் கேட்டால், 'வருமானம் ஏதுங்க, கூலிதான்' என்பாள். அவள் வழக்கில் வருமானம் என்பது நிலத்தாலோ உத்தியோகத்தாலோ வருவது; உழைத்துப் பெறுவது கூலி. அக்கூலியும் மாதத்தால் வருவதன்று. வேலையுள்ள நாளில் வரும். இல்லாத நாளில் வாராது. மாணவன் அவள் கூறிய நாட்கூலியை முப்பதால் பெருக்கி எழுதிக்கொள்கின்றான். அட்டவணையில் அவள் ஆண்டு முழுதும் வேலை பெற்றவளாகின்றாள். ஆய்வேட்டின் முடிபுரையில் அவ்வூரின் வறுமை குறைந்துள்ளது. அக்குறைவு பெருக்கல் வாய்பாட்டில் நிகழ்ந்ததேயன்றி அவ்வூரில் நிகழ்ந்ததன்று.

'நீங்கள் குடியிருப்பது சொந்த வீடா, வாடகை வீடா?' என்பது இன்னொன்று. நம் ஊர்களில் மூன்றாவது ஒன்று உண்டு. ஒத்தி என்று ஒருசாராரும் போக்கியம் என்று ஒருசாராரும் வழங்குவர். வீட்டுக்காரர்க்கு ஒரு பெருந்தொகையைக் கொடுத்து, வட்டியின்றி அத்தொகை இருக்கும்வரை வாடகையின்றி வீட்டில் இருத்தல். இதனைச் சொந்தம் என்பதா, வாடகை என்பதா? இடமின்மையால் மாணவன் வாடகை என்று குறிக்கின்றான். இது வீட்டைப் பற்றிய பிழையாக மட்டும் நின்றுவிடவில்லை. ஒத்திக்கு இருப்பவன் உண்மையில் கடன் கொடுத்தவன், வீட்டுக்காரனே கடன்பட்டவன். கடன் பற்றிய அடுத்த அட்டவணையில் இருவரும் இடம் மாறிவிடுகின்றனர். நிலத்திற்கும் இஃது ஒக்கும். ஒத்தி நிலத்தை உழுபவன் நிலமில்லாதவன் பட்டியலிற் சேர்ந்துவிடுகின்றான்.

கடன் என்ற சொல்லும் அத்தகையதே. 'கடன் உண்டா?' என்றால் வங்கிக் கடனையும் நகைக் கடனையும் கூறுவர். மகளிர் குழுக் கடனையும் கூறுவர். மொய்யைக் கூறார். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் மொய் விருந்து என்பது பெருந்தொகை கைமாறும் ஒரு நிகழ்ச்சி என்பதும், வாங்கிய மொய்யைக் கூட்டியே திருப்பிச் செய்தல் வேண்டும் என்பதும், அதற்கெனக் கணக்கு நோட்டு வீட்டிலிருக்கும் என்பதும் நாம் அறிந்தவை. ஆயின் அது செய்முறை எனப்படுமேயன்றிக் கடன் எனப்படாது. அந்நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த மாணவன் ஒருவனையே யாம் கண்டுள்ளோம். அவன் அவ்வூரான்.

இன்னும் ஒன்று. 'வலுவாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை, உடன்படவில்லை, வலுவாக உடன்படவில்லை' என்னும் ஐவகை விடைகள். இவற்றைத் தமிழ்ப்படுத்தியவர்களுள் யாமும் ஒருவேம். ஆதலின் பழியில் எமக்கும் பங்குண்டு. உடன்படுதல் என்பது வழக்கில் ஒருவர் வேண்டுகோளுக்கு இசைதல். 'பெண்கள் வேலைக்குச் செல்வதால் குடும்ப அமைதி கெடுகிறது' என்று கூறி, 'உடன்படுகிறீர்களா?' என்று படித்த இளைஞன் ஒருவன் கேட்டால், வீட்டிற்கு வந்தவரை மறுத்துப் பேசலாகாது என்னும் பண்பினால் 'ஆமாங்க' என்பதே விடையாகும். எதிர்மாறான கூற்றைப் படித்துக் காட்டினும் அதற்கும் 'ஆமாங்க' என்பர். இதனை முரண்பட்ட மனப்பான்மை என்று எழுதிய ஆய்வேடு ஒன்றைப் படித்தோம். முரண்பாடு மனத்தில் இல்லை. விருந்தோம்பலை விடை என்று கொண்டதில் உள்ளது.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த ஊரக வேலைத் திட்டத்தை மக்கள் நூறு நாள் வேலை என்றே வழங்கினர். வினாப்பட்டியலிலோ அதன் முழுப்பெயர் ஐந்தாறு சொற்களில் நின்றது. முழுப்பெயரைக் கேட்டோர் 'அதெல்லாம் தெரியாது' என்றனர்; விழிப்புணர்வு இல்லை என்று அட்டவணை கூறிற்று. இதுபற்றி மேலும் எழுத வேண்டுவதில்லை.

களத்திலிருந்து ஏட்டுக்கு வரும்போது இரண்டாவது இழப்பு நேர்கின்றது. மக்கள் கூறியதை மாணவன் தமிழிற் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகின்றான். கிழவியும் இளைஞனும், நிலக்கிழாரும் கூலியாளும், ஒரே இலக்கணத்தில், ஒரே நடையில், செய்தித்தாளின் தலையங்கம் போலப் பேசுகின்றனர். ஒருவர் பேச்சில் மற்றொருவர் பெயரை மாற்றி எழுதினாலும் வேறுபாடு தோன்றாது. செவிக்கு உரிய சான்று அங்கே அழிந்துவிடுகின்றது. மூலத் தமிழ்ப்பேச்சைப் பின்னிணைப்பில் தருதல் வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் போதும். பாதிப் பிழை வெளிப்பட்டுவிடும். களவு நூலைத் தடுக்க 2018-இல் விதி செய்து, பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒப்புமையைக் கணிப்பொறியால் அளக்கின்றோம். பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டுவது குற்றமே. ஆனால் தன் எழுத்தைப் பிறர் பேச்சாகக் காட்டுவதை அளக்கும் கருவி எங்கே?

எம் துறையைப் பெரிதாக்கி, எல்லாம் மொழியால் விளையும் என்று கூறுவதாக எவரும் கருதற்க. புள்ளியியற் பயிற்சியும் மெய்யாகவே குறைவு. தனக்கு எளிதில் அகப்பட்டவரையெல்லாம் மாதிரியாகக் கொண்டுவிட்டு, வாய்ப்பு முறையில் எடுத்த மாதிரிக்கே பொருந்தும் சோதனைகளைச் செய்து, 'ஐந்து விழுக்காட்டு நிலையில் குறிப்பிடத்தக்கது' என்று எழுதும் ஆய்வேடுகள் மிகப் பல. யாம் கணக்கு அறியாதேமாயினும் இம்மட்டில் அறிவோம். ஆனால் இக்குறை படிவத்தில் இடம்பெறுகின்றது, பயிலரங்கும் உண்டு. இந்தியச் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் 1969-இல் தோன்றியது முதல் இத்தகு பயிற்சிகளுக்குப் பொருளுதவி செய்துவருகின்றது. கவனிப்பாரற்றுக் கிடப்பதைப் பற்றியே யாம் மிகுத்துரைத்தோம்.

முறையான பயிற்சி சிறிதும் இல்லாத காலத்தில் இந்நாட்டில் நிகழ்ந்த ஓர் ஆய்வை இவ்விடத்து நினைத்தல் தகும். கில்பர்ட் சிலேட்டர் 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியற் பேராசிரியராக அமர்ந்தார். தமிழ் அறியாத அவர், மாணவர் கையில் ஒரு வினாநிரலைக் கொடுத்து, விடுமுறையில் ஊர்களை ஆராய்ந்து வருமாறு பணித்தார். அவ்வாறு எழுந்த நூல் 1918-இல் வெளிவந்தது. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகியன அதனாற் புகழ்பெற்றன. தாமசும் இராமகிருட்டிணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து 1940-இல் நூல் வெளியிட்டனர். ஆசுவெல் அம்மையார் 1960-களில் ஆராய்ந்தார். இருவேல்பட்டைக் குகனும் மென்சரும் ஆராய்ந்து 1983-இல் எழுதினர். 2008 வரையிலான அவ்வூர் வரலாறு 2010-இல் வெளியாயிற்று. நூறாண்டு அளவில் ஓர் ஊரின் நிலவுடைமையும் கூலியும் சாதியும் மாறிய வரலாற்றை எழுத இயன்றதென்றால், அதற்கு அடிப்படை அம்முதல் மாணவர் எழுதிய குறிப்புகளே. அவர்க்குப் பாடநெறி இல்லை, தகுதிப்புள்ளி இல்லை. வேலி, மா, குழி என்னும் அளவையை அறிந்திருந்தனர். ஒரு வேலி இருபது மா என்பதை எவரும் அவர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாரத்திற்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாடு அவர் வீட்டிலேயே பேசப்பட்டது.

ஆயினும் ஊரறிவு ஒன்றே போதும் என்று இதனால் முடித்தல் தவறு. நூறாண்டுக்கு முன் கல்லூரியில் பயின்றோர் எக்குடியினர் என்பது வெளிப்படை. அவர் அறிந்த ஊர், ஊரின் ஒரு பகுதியே. இச்சிக்கல் கற்றுத்தேர்ந்தார்க்கும் உண்டு. ஆந்திரே பெத்தெய் 1961-62-இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, அதற்குச் சிறீபுரம் என்று புனைபெயரிட்டு 1965-இல் நூலாக்கினார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் சேரி மக்களோடு நெருங்கிப் பழகும் வாய்ப்புச் சுருங்கிற்று என்பதனை அவரே மறையாது கூறினார். எம் மதிப்பில் அந்நூலின் சிறப்பிற்கு அவ்வொப்புதலும் ஒரு காரணம். இன்றைய ஆய்வேடுகளில் 'ஆய்வின் எல்லைகள்' என்னும் தலைப்பின்கீழ்க் காலக்குறைவும் பொருட்குறைவும் பேசப்படுகின்றன. 'யான் எவர் வீட்டில் உண்டேன், எவர் தெருவில் நுழையவில்லை' என்பது பேசப்படுவதில்லை.

ம. ந. சீனிவாசின் செய்தி மற்றொரு வகையிற் கற்பிக்கின்றது. 1948-இல் மைசூர்ப் பகுதியின் இராம்புராவில் ஆராய்ந்து, பல ஆண்டுகள் ஒழுங்குசெய்த குறிப்புகளின் மூன்று படிகளும் 1970 ஏப்பிரல் 24-இல் கலிபோர்னியாவின் இசுடான்போர்டில் தீக்கிரையாயின. நினைவைத் துணைக்கொண்டு அவர் எழுதிய நூல் 1976-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. மூன்று படிகளையும் ஓரிடத்தில் வைத்தலாகாது என்பது எளிய பாடம். எம் மாணவர் கைப்பேசியிலேயே எல்லாப் பதிவுகளையும் வைத்திருப்பதைக் காணும்போது அதுவும் தேவையே என்று தோன்றுகின்றது. பெரிய பாடம் வேறு. குறிப்பு அழிந்தும் நூல் பிழைத்ததற்குக் காரணம், அவர் அவ்வூரில் வாழ்ந்திருந்தமை. அவ்வூர்ப் பேச்சு அவர் செவியில் இருந்தது. இருபது நிமிடத்தில் ஒரு வீடு என்று முந்நூறு வீடுகளை முடிப்பவர்க்கு, தாள்கள் எரிந்தால் யாது எஞ்சும்?

மதிப்பீடு என்று வந்தபின் நன்னூலை நினையாமல் இருக்க இயலவில்லை. பவணந்தியார் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், ஆ முதலாக இல்லிக்குடம், நெய்யரி ஈறாகத் தரம்பிரித்தார். இதனை எல்லாரும் அறிவர். வகுப்பில் மாணவரைக் கடிந்துகொள்ளவும் பயன்படுத்துவர். ஆனால் அதற்கு முன்னரே அவர் ஆசிரியரை மதிப்பிட்டுவிட்டார். நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் போன்றவர் இவர். கழற்குடமும் மடற்பனையும் பருத்திக்குண்டிகையும் முடத்தெங்கும் போன்றவர் இவர் என்று அவர் வகுத்ததைப் போல, வழிகாட்டியை மதிப்பிடும் படிவம் ஒன்றை எப்பல்கலைக்கழகமும் எம் பார்வைக்கு அனுப்பியதில்லை. பேராசிரியர் 8 மாணவரையும், இணைப்பேராசிரியர் 6 மாணவரையும், உதவிப்பேராசிரியர் 4 மாணவரையும் ஏற்கலாம் என்று எண்ணிக்கை வகுத்துள்ளனர். முடத்தெங்கு எட்டு மாணவர்க்கு நிழல் தருமா என்பது வினவப்படவில்லை. எம்மையும் உட்படுத்தியே இதனைக் கூறுகின்றோம்.

அப்பாயிரத்திலேயே இன்னொரு கருத்தும் உண்டு. ஆசிரியர் உரைப்பதால் மாணவன் கொள்வது காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அதன் சாரம். 2022 விதிமுறைகள் ஆய்வு மாணவர் வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தற் பணியில் ஈடுபடலாம் என்றன. அரைப்பங்கிற்கு ஒருவாறு வழி செய்தனர் எனலாம். உடன் பயில்வார் பங்கே இன்று வெறுமையாக உள்ளது. ஒரு துறையில் இருபது மாணவர் இருப்பர். ஒருவர் வினாப்பட்டியலை மற்றவர் பார்த்திரார். பாளையங்கோட்டையில் நா. வானமாமலை பல்கலைக்கழகத்திற்குப் புறத்தே நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தியதும், 1969-இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கியதும் ஈண்டு கருதத்தக்கன. ஒருவர் கட்டுரை படிக்க ஏனையோர் மறுத்தும் திருத்தியும் பேசிய அக்குழுவிலிருந்து நாட்டுப்புற வழக்காற்றையும் சமூக வரலாற்றையும் ஆராய்ந்தோர் பலர் எழுந்தனர். அங்கே எவரும் படிவம் நிரப்பினாரல்லர். குறை, கட்டுரை படித்த மாலையிலேயே தெரிந்துவிடும்.

சென்ற பருவத்தில் வேளாண் கூலியாளரைப் பற்றி ஆராயும் மாணவர் ஒருவர் வழக்கம்போல் கையொப்பத்திற்கு வந்தார். கையொப்பமிட மறுத்து, அவருடைய வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டு அவரோடு ஓர் ஊருக்குச் சென்றோம். ஏழு வீடுகளில் வினவினோம். திரும்பி வந்தபின் 'மாத வருமானம்' என்னும் வினாவை அவரே அடித்துவிட்டார். அவ்விடத்தில், 'நேற்று வேலை இருந்ததா? யார் வயலில்? என்ன கொடுத்தார்கள்? முந்தாநாள்?' என்று ஏழு நாட்களுக்குப் பின்னோக்கிச் செல்லும் வினாக்கள் அமைந்தன. சொந்தம், வாடகை என்பவற்றோடு ஒத்தி சேர்ந்தது. உடன்படுகிறேன் என்னும் ஐந்து கட்டங்கள் மறைந்தன. இதனால் ஒரு வீட்டிற்கு இருபது நிமிடம் என்றிருந்தது ஒன்றேகால் மணி ஆயிற்று. முந்நூறு வீடுகள் இனி இயலா. நூற்றிருபது வீடுகளே இயலும் என்று அவர் தம் ஆய்வு ஆலோசனைக் குழுவிற்கு எழுதியுள்ளார். மாதிரி சிறிதாயிற்று என்று குழுவினர் தயங்குகின்றனர் எனக் கேள்வியுற்றோம். முடிவு இன்னும் வரவில்லை.